பெர்னிஸின் காரில் ஏற ஆள் தேவை

பதினோரு ஆண்டுகள் பெர்னிஸ் டாலிவர் அடுத்தவர் காரில் வாயைத் திறக்காமல் வேலைக்குப் போனாள். வர்ஜீனியாவிலிருந்து வாஷிங்டன் போகும் நெடுஞ்சாலையில், மூன்று பேர் உள்ள காருக்கு விரைவுப் பாதையில் கட்டணம் கிடையாது. அதனால் தனியாக வருகிறவர்கள், காலையில் இலவசப் பயணத்துக்காக வரிசையில் நிற்கும் முகம் தெரியாத இருவரை ஏற்றிக்கொள்வார்கள். ஓட்டுகிறவர் பேசலாம், ஏறியவர் தானாகப் பேச்சை ஆரம்பிக்கக் கூடாது.

சென்ற ஆண்டு பெர்னிஸே கார் வாங்கினாள். சேர்த்துவைத்ததையெல்லாம் பேசித் தீர்த்தாள். மூட்டுவலி, மருமகன், மூட்டுவலிக்குக் காரணமான மருமகன். சீக்கிரமே அவள் காரைக் கண்டதும் வரிசை முழுவதும் குனிந்து ஷூ லேஸ் கட்டியது. ஆள் கிடைக்காமல் சாதாரணப் பாதையில் ஊர்ந்து தாமதமாகப் போனதில், இன்னொரு முறை தாமதமானால் வேலை போய்விடும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை காரின் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏறுங்கப்பா, கடிச்சுடவா போறேன்?"

"கடிச்சாக்கூட சட்டுனு முடிஞ்சுடும் பெர்னிஸ்," என்றார் வரிசையின் முதல் ஆளான லாயிட். "விரைவுப் பாதையை நம்ம ஊர் வரைக்கும் நீட்டிக்கிட்டு இருக்காங்க. இப்ப ஒரு மணி நேரம் ஆகுறது அப்புறம் அரை மணி நேரம்தான். அப்ப ஏறுறேன்."

"அரை மணியில என் மருமகனைத் திட்டி முடிக்க முடியுமாய்யா?"

வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"சரி, ஆத்துப் பாலம் வர்ற வரைக்கும் பேச மாட்டேன். போதுமா?"

லாயிட் பக்கத்திலிருந்த நர்ஸைப் பார்த்தார். இருவரும் ஏறினார்கள். பாலத்திலிருந்து அலுவலகம் பத்து நிமிடம்.

நீட்டிய பாதை அடுத்த மாதம் திறக்கிறது; அப்புறம் அவள் வாயை மூடியிருக்க வேண்டியது இருபது நிமிடம்தான்.