பரிசலில் உட்காரப் போட்ட லைஃப் ஜாக்கெட்

இங்கே நார்வேயில், கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகைத் தண்ணீரில் தள்ளும் முன் பக்கத்து வீட்டு இங்ரிட் வந்து என் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பாள். காதுவரை ஏறினால் வாரை இன்னும் இறுக்க வேண்டும். வணக்கம்கூட அதற்கப்புறம்தான். மீன்பிடிக்கப் போகிற ஆளை சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல் இழுத்துப் பார்ப்பதா என்று முதலில் எரிச்சலாக இருந்தது.

ஜாக்கெட் என்றாலே எனக்கு ஒகேனக்கல் ஞாபகம் வந்து குமட்டும். யாரோ கழற்றிய ஈரம் காயாமல் அடுத்தவர் மேல் ஏறும். வியர்வையும் மீன் வறுத்த எண்ணெயும் கலந்த நாற்றம். மூக்கைச் சுளித்துக்கொண்டே மாட்டுவோம், போட்டோ எடுப்போம், கரை மறைந்ததும் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வோம். பரிசலின் அடி ஈரம், துணி நனையக்கூடாதே! உயிர் காக்கிற சாமானுக்கு நாம் கொடுத்த இடம் அதுதான்.

மாரண்டஹள்ளியிலிருந்து இங்கே வேலைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்த என் மனைவியின் தம்பி முனிராஜை மே மாதம் கடலில் மீன்பிடிக்கக் கூட்டிப்போனேன். ஜீன்ஸ், பனியன், மேலே லைஃப் ஜாக்கெட், அவ்வளவுதான். தண்ணீர் புகாத ட்ரை சூட்டைத் தொடவே மறுத்தான்.

“வெயிலு இப்படிக் காயுது, இதெல்லாம் எதுக்குங்க மாமா?”

“காற்றின் சூட்டுக்கு உடுத்தக்கூடாது, தண்ணீரின் குளிருக்கு உடுத்தணும்” என்றாள் இங்ரிட். அவன் கிணற்றில் நீந்தி வளர்ந்தவன் என்றேன். அந்தக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்கும் என்று கேட்டாள். நக்கல் செய்கிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறாள்.

பாறை முனை திரும்பியதும் முனிராஜ் ஜாக்கெட்டைக் கழற்றி அடியில் போட்டு உட்கார்ந்தான். உட்காரும் உயரம் கூடினால் கயாக் ஆடும். மீன் இழுத்தது, சாய்ந்தான், கவிழ்ந்தது. கத்தக்கூட வரவில்லை, குளிர் தாக்கியதும் மூச்சைத் தண்ணீரோடு உள்ளே இழுத்தான். விரல் விறைத்து என் கயாக்கைப் பிடிக்க முடியவில்லை. ஜாக்கெட் மட்டும் ஒய்யாரமாக மிதந்து போனது. அவன் பனியனைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதினேன். சத்தம் கேட்டு இங்ரிட் கரையிலிருந்து மோட்டார் படகில் வந்து தூக்கினாள். கரையில் ஈரத் துணியை உரித்தெறிந்து கம்பளி சுற்றினாள். அவன் கைகாலைத் தேய்க்கப்போன என்னைத் தட்டிவிட்டாள்; தேய்த்தால் குளிர்ந்த இரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிடுமாம். அவன் உப்புத்தண்ணீராக வாந்தியெடுத்தான். எனக்கு இரக்கம் வரவில்லை, அருவருப்புதான் வந்தது. அவன்மேல் மட்டுமல்ல, நம் எல்லோர்மேலும்.

இங்கே புதிதாகக் கயாக் வாங்கும் நம்மவர்களே, நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் பருத்தித் துணியை வீட்டிலேயே வையுங்கள், விசிலைக் கழுத்தோடு கட்டுங்கள். இதற்குமேல் எனக்குச் சொல்லப் பொறுமை இல்லை.

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போனோம். ஒகேனக்கல்லில் பரிசல் வளைவு தாண்டியதும், மடியில் தன் மகளோடு இருந்த முனிராஜ் ஜாக்கெட்டைக் கழற்றி அடியில் போட்டான். பிள்ளையுடையதையும் கழற்றினான்.

“டேய், செத்துப் பொழைச்சவன்டா நீ!”

“அது அந்தூரு தண்ணிங்க மாமா. இது நம்ம தண்ணி, ஒண்ணும் பண்ணாது.”

எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவியும்தான். நான் பிள்ளைக்கு மறுபடி மாட்டி, தோள்பட்டையை இழுத்துப் பார்த்தேன். காதுவரை ஏறியது. இறுக்கினேன்.

“நாத்தமடிக்குது மாமா” என்று அழுதாள்.

“அடிக்கட்டும்.”

“வெள்ளக்காரரு வந்திருக்காருங்க” என்று சிரித்தபடி பரிசல்காரர் பரிசலைச் சுழற்றினார். வார் போட்டிருந்தது நானும் அந்தப் பிள்ளையும் மட்டும்தான். என் தோளை இழுத்துப் பார்க்க அங்கே யாரும் இல்லை.