மேசையாகாத பலாப்பலகை

என் மேசைக்கென்று வாங்கிய பலாப்பலகையைப் பெரியப்பா சீவிச் சீவியே தீர்த்துவிட்டார். இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதனைக்குச் சாப்பாட்டு மேசையில், குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்து படித்த பிள்ளை நான். சொந்த மேசை எனக்கு விளையாட்டுக் காரியமல்ல.

கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் பின்பாதியில் பெரியப்பா, பெரியம்மா, அம்மா, நான் என்று வாடகைக்கு இருந்தோம். முன்பாதியில் வீட்டுக்காரர். பின்னாலிருந்த கராஜில் பெரியப்பா படச்சட்டங்களும் சின்ன அலுமாரிகளும் செய்து விற்றார். டுபாயில் உழைத்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்த பிளேனர் மெஷின் அங்கே ஒரு நீட்டு மரவாங்கின் மேல் இருந்தது. ஒரு பக்கத்தால் பலகையைக் கொடுத்தால், மேற்பக்கம் சீவுப்பட்டு மறுபக்கத்தால் வழுவழுவென்று வரும்.

அந்த மெஷினுக்கு நடந்த உபசாரம் எங்கள் வீட்டில் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்ததில்லை. வேலை முடிந்ததும் உருளைகளைத் துடைப்பார். பலகை வழுக்கிப் போவதற்கு அடித்தட்டில் மெழுகு பூசுவார். சீவல் ஒன்றுகூட உள்ளே நிற்க விடமாட்டார். பிளேட் கொஞ்சம் மழுங்கினாலும் மாற்றிவிடுவார். "மொட்டை பிளேட் மரத்தைப் பிய்க்கும், மெஷினும் கத்தும். ஒரு தரத்துக்கு மெல்லிசாத்தான் எடுக்கவேணும் பிள்ளை" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கே அது பாடம்.

அப்படிப்பட்ட மனிதர்தான், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்து வாசலில் நின்றபடியே ஏதோ சொல்லிவிட்டுப் போன பின்னேரம், என் பலகையைத் தூக்கி மெஷினுக்குள் விட்டார். அது ஏற்கெனவே சீவி முடிந்த பலகை. மறுநாளும் விட்டார், அதற்கடுத்த நாளும் விட்டார். மெழுகுமில்லை, துடைப்புமில்லை. பிளேட் மழுங்கி, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி மெஷின் ஊளையிட்டது. வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்து, என்ன இந்தச் சத்தம் என்று சிங்களத்தில் கேட்டார்.

"மொகத மே சத்தே?"

"ஓடர் எகக், மாத்தயா" என்று, யாரோ கொடுத்த ஓடர் வேலை என்பதாகச் சமாளித்தார் பெரியப்பா.

ஓடராம்! என் மேசை எந்த ஊர் ஓடர்?

"பெரியப்பா, பிளேட் மொட்டை, மாத்துங்கோ. பலகையும் மெல்லிசாப் போச்சு!"

"போய்ப் படி."

"எங்க இருந்து படிக்கிறது?"

வெளியே வந்த பலகையை எடுத்துத் திரும்பவும் உள்ளே விட்டார்.

பெரியம்மாவின் ஒரே மகன், என் அண்ணா, இயக்கத்துக்குப் போனவர் என்பதே எனக்குத் தெரியாது. ஊரில் நின்று படிக்கிறார் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். வாசலில் நின்றவர் சொல்லிப்போனது அவருடைய சாவை. செத்தவீடு என்றால் அயலே கூடி அழுவது எங்கள் வழக்கம். கொழும்பில் வாய்விட்டு அழுதால் யார் செத்தது, எப்படிச் செத்தது என்று கேள்வி வரும். அதன் பின்னால் பொலிஸ் வரும். பெற்ற தாய் தன் பிள்ளைக்கு அழுவதற்கு ஒரு மெஷின் கத்தவேண்டியிருந்தது. இது என்ன நாடு, இது என்ன சீவியம்! பெரியப்பாவின் மேலிருந்த கோபத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்றுதான் இன்னும் தெரியவில்லை.

இதெல்லாம் எவ்வளவோ காலம் கழித்து அம்மா சொன்னது. அன்று எனக்குத் தெரிந்தது பலகை மட்டுமே. அது கோடு போடும் அடிமட்டத்தின் தடிப்புக்கு வந்து, ஒருநாள் மெஷினுக்குள்ளேயே நொறுங்கிப்போனது. பெரியப்பா அப்போதும் மெஷினை நிறுத்தவில்லை. அது வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

நியாயம் கேட்கப் பெரியம்மாவிடம் ஓடினேன். அறைக்குள் அவர் தலைமயிர் அவிழ்ந்து கிடக்க, வாயைத் திறந்தபடி மார்பில் அடித்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் அவருடைய குரல் எனக்கே கேட்கவில்லை. இந்த வீட்டில் என் பலகைக்காக அழ ஒருவராவது இருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் கத்தினேன்.

"அழாதேங்கோ பெரியம்மா. வேற ஒண்டு வாங்கலாம்."