நண்பகல் மேடையில் காசில்டா

எண்பதுகளில் ஒரே ஒரு கோடைக்காலம், ஸ்பெயின் முழுக்கக் காசில்டாவின் குரல்தான். கடற்கரை மதுக்கடைகளில், டாக்சிகளில், எங்கே திரும்பினாலும் அந்தப் பாட்டு. அவளுடைய 'மரேயா' இசைக்குழுவை மத்ரித் தொலைக்காட்சிக்கே அழைத்தார்கள். அங்கே யாரும் பாடுவதில்லை. இசைத்தட்டு ஓடும், வாயசைத்தால் போதும். வெண்புகை முழங்கால்வரை ஏற, தன் குரல் எங்கிருந்தோ வர, காசில்டா மிதந்தாள். கனவுதானே, எவ்வளவு நாள் தாங்கும்? அடுத்து வந்த இசைத்தட்டுகளைச் சீந்துவாரில்லை.

சில ஆண்டுகள் கழித்து, கலீசியாவின் மலையடி ஊர் ஒன்றில் திருவிழா. பூசை முடிந்து சனம் வெர்முத் மது குடிக்கும் நண்பகல் வேளையில் பாட அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இரவு மேடை பெரிய குழுக்களுக்கு. இந்த வேளையில் கோப்பையும் ஆலிவுமாக ஊர்க்கதைதான் நடக்கும். இன்றும் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காவிட்டால் பாட்டுக்கே முழுக்கு என்று காசில்டா முடிவுகட்டியிருந்தாள்.

அந்தப் புகழ்பெற்ற பாட்டையே பாடினாள். யாரும் திரும்பவில்லை. வெயில் மட்டும் சுகமாக அடித்தது.

விழாக்குழுத் தலைவர் ஃபெர்மின் மேடையோரம் வந்தார். ஊரின் ரொட்டிக்கடைக்காரர். "ஏம்மா, ஒரு பாசோடோப்ளே போடக் கூடாதா? ஜோடியா ஆடணும்னு என் பொண்டாட்டி காலையிலேர்ந்து புதுச் செருப்போட நிக்கிறா."

கிதார்க்காரன் எலாதியோவுக்குச் சுருக்கென்றது. குழுவைத் தொடங்கியவன் அவன். "நாங்க கல்யாண பேண்டு இல்லைங்க."

"அது தெரியுது தம்பி. அவங்க வாசிச்சா ஆடவாவது செய்வோம்."

காசில்டா சிரித்துவிட்டாள். "வாசியேன் எலாதியோ."

"இதை வாசிச்சா அத்தோட மரேயா முடிஞ்சுது."

"அது முடிஞ்சு ரொம்ப நாளாச்சுப்பா. நமக்குத்தான் யாரும் சொல்லல."

அவன் கிதாரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். டிரம்ஸ் வாசிக்கும் ஹசின்தோ அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லத் தாளம் கொடுத்தான். கிதார் இல்லாமலே காசில்டா ஒரு பாசோடோப்ளே பாடத் தொடங்கினாள். ஃபெர்மினின் மனைவி கணவரை இழுத்துக்கொண்டு நடுவே வந்தாள். பிறகு இன்னொரு ஜோடி. கோப்பைகளை வைக்க இடம் தேடினார்கள். சற்று நேரத்தில் சதுக்கமே மெதுவாகச் சுழன்றது.

உச்சத்தில் குரல் கொஞ்சம் பிசிறியது. அவளுக்கு வெட்கமாக இல்லை. அழுகை வரும்போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தெருமுனையில் எலாதியோ அவர்கள் வந்த வேனைக் கிளப்பி, விடாமல் ஹாரன் அடித்தான். அவள் காதில் விழத்தான் செய்தது.

"முதல்லேர்ந்து இன்னொரு தடவை," என்றாள் ஹசின்தோவிடம்.