பூட்டுப் போட்ட தகர டப்பா

பெரியப்பாவின் தகர டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உள்ளங்கை அகலம் இருக்கும். அதில் தொங்குவதோ மாட்டுக்கொட்டகைப் பூட்டு. அந்தப் பூட்டு பிறகு வந்தது.

எழுபதுகளின் தொடக்கம். உத்திரமேரூர் பக்கத்துப் பெருநகர் கிராமத்தில் எங்கள் வீட்டில் யாரும் வெளியே சொல்லாத விஷயம், பெரியப்பாவின் அபின் பழக்கம். வயிற்றுவலிக்கென்று தொடங்கி விடமுடியாமல் போனது. அபின் வாங்க சர்க்கார் பர்மிட் வைத்திருந்தார், பழக்கத்தை மறக்கடிக்க அளவைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்துவந்தார்கள். கசப்பு தாங்காமல் வேளைக்கு ஒன்றாக வெல்லத்துக்குள் பொதிந்து, சுண்டைக்காயளவு உருட்டி டப்பாவில் வைத்துக்கொள்வார். எனக்கு ஒன்பது வயது. எதையும் உற்றுப் பார்க்காமல் இருக்கமுடியாத பிறவி நான். பெரியப்பாவின் கண்ணில் நடுக்கருப்பு மட்டும் இருட்டிலும் ஏன் கடுகளவே இருக்கிறதென்று கிட்டப்போய்ப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒரு மத்தியானம், பாயில் தூங்கிய இரண்டு வயதுத் தங்கை எழுப்பியும் எழவில்லை. மூச்சு விட்டுவிட்டு வந்தது, உதடு நீலமாகியிருந்தது. “காத்து கருப்பு பட்டுக்கீது, மந்திரிச்சிக்கினு வரலாம்” என்று அம்மா அழுதாள். எனக்குப் பயம்தான்; ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தேன்.

“யம்மா, பாப்பா கண்ணு பெரியப்பா கண்ணாட்டம் கீது!”

பெரியப்பா சட்டென்று தன் தலையணையை விலக்கினார். அதன் அடியில் எப்போதும் இருக்கும் டப்பா திறந்து கிடந்தது. ஓர் உருண்டை குறைந்தது. பழக்கம் ஊருக்குத் தெரிந்தால் தூக்கில் தொங்குவேன் என்று சொல்லிவந்தவர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி உத்திரமேரூர் பஸ்ஸை மறித்தார். அம்மாவும் நானும் பின்னாலேயே ஏறினோம். ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் டிரைவரைப் பார்த்துக் கத்தினார்: “எங்கியும் நிறுத்தாத நைனா, கொயந்த என் அபின துன்னுட்ச்சி!”

டாக்டரிடமும் அதையேதான் முதலில் சொன்னார். என்ன தின்றாளென்று தெரிந்ததால்தான் காப்பாற்ற முடிந்தது என்றார் டாக்டர். பொழுது சாய்ந்தபின் தங்கை அழுதாள். அந்த அழுகையைப் போல் இனிப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை.

மறுநாள் பூட்டு வந்தது. அதற்கப்புறம் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் பாதியைத் தான் கடித்து மென்று, கசக்கவில்லை என்று தெரிந்த பிறகே மீதியைத் தருவார். அம்மா எச்சில் என்று முகம் சுளிப்பாள். அடுத்த பொங்கலுக்குள் அபினையும் விட்டார், பூட்டை மட்டும் கழற்றவில்லை.

தங்கையின் கல்யாணத்தில் லட்டு ஊட்டச் சொன்னபோதும் கடித்து மென்று, கொஞ்சம் பொறுத்துத்தான் மீதியை அவள் வாயில் வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை.

டப்பாவைக் குலுக்கினால் இப்போது சத்தமே இல்லை. காலிதான், எனக்குத் தெரியும். இருந்தாலும் பேரன் வருகிறான் என்றால் அதை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறேன்.