உப்பைப் பிடித்த அடுக்குப் பொடி

1. ஓட்டை

ரிட்டயர் ஆவதற்கு முன் நான் கடைசியாகக் கெமிஸ்டாக வேலை பார்த்தது காரோடு என்ற ஊரில், ஒரு தேங்காய்ப்பால் யூனிட்டில். அங்கே ஒரு நாள் காலையில் பாய்லர் நின்றுவிட்டது. டியூப்களில் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டைகள். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தேன். கடல் பக்கம் அல்லவா, உப்பிலுள்ள குளோரைடு எக்கச்சக்கம். அதுதான் டியூப்களை அரித்திருந்தது.

முதலாளி ஜெபராஜ் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

“லீலா, இனியும் டியூப் மாத்த எனக்குக் கழியாது. ஆர்ஓ போடணும். இல்லேன்னா பூட்டியதுதான்.”

பூட்டினால் தேங்காய் உடைக்கும் பெண்கள் எல்லோருக்கும் வேலை போகும். ஆர்ஓ போட்டால், அது உப்பைப் பிரித்துக் கழிவாகத் தள்ளும் தண்ணீர் பக்கத்து வாழைத்தோட்டத்து ஓடையில்தான் விழும். செய்தி தெரிந்து தோட்டக்காரி சரோஜம் அக்கா கேட்டுக்கே வந்துவிட்டார்.

“உங்க உப்பு வெள்ளத்த எனக்க வாழைக்கா விடப்போறீங்க? நான் குடிக்கியதும் அந்த ஓடைக்கரக் கெணத்து வெள்ளம் ஆக்கும்!”

எங்கள் பக்கத்தில் தண்ணீரைத்தான் வெள்ளம் என்போம். அவர் கேட்டதில் தப்பில்லை.

“அப்போ உப்ப எங்க கொண்டு போடியது?” என்றார் சார்.

“பொடியில பிடிச்சு வைக்கலாம் சார்” என்றேன்.

2. வெறும் மண்ணு

ஹைட்ரோடால்சைட் என்ற பொடி. மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்தது, களிமண்போல் அடுக்கடுக்காக இருக்கும். ஃபர்னஸில் சுட்டால் அடுக்குகளுக்கு நடுவில் உள்ளவை வெளியேறிவிடும். பிறகு தண்ணீரில் போட்டால் அடுக்குகள் மறுபடி உருவாகும். அப்போது குளோரைடை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பைக் கரைத்துச் சோதித்தபோது பிரமாதமாக இழுத்தது. கிணற்றுத் தண்ணீரில் போட்டேன். குளோரைடு குறையவே இல்லை.

“இது வெறும் மண்ணு ஆக்கும், லீலா” என்று சார் எழுந்து போய்விட்டார்.

ஒரே பொடி, இரண்டு தண்ணீர். என்ன வித்தியாசம்? யோசித்து யோசித்துக் கடைசியில் பிடிபட்டது. கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் உண்டு. பொடி பட்டதும் அது கார்பனேட்டாக மாறும். இந்தப் பொடிக்குக் குளோரைடைவிடக் கார்பனேட்தான் பிடிக்கும். இடம் முழுவதையும் அது முந்திக்கொண்டது.

முதலில் சுண்ணாம்பு கலந்தேன். பைகார்பனேட் வெள்ளை வண்டலாக அடியில் தங்கியது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து மறுபடி கார்பனேட் ஆகிவிடக் கூடாதே என்று, தெளிந்த தண்ணீரைக் காற்றுப் படாமல் மூடிய டிரம்முக்கு மாற்றி, பொடியைப் போட்டுக் கலக்கி வடிகட்டினேன்.

3. செங்கல் நிறம்

சாரையும் சரோஜம் அக்காவையும் லேபுக்குக் கூப்பிட்டேன். குளோரைடு நிறைய இருந்தால், குரோமேட் கலந்து மஞ்சளாக்கிய தண்ணீர் சிவக்க பியூரெட் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட்டை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அன்று சில சொட்டுகள்தான் விழுந்தன. குடுவை செங்கல் நிறத்துக்கு மாறியது.

“சார், போச்சு! உப்பு போச்சு!” கத்திவிட்டேன்.

சார் குடுவையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “எம்மா, சாதிச்சிட்டியே!”

அக்கா மட்டும் விடவில்லை. “அந்தப் பொடிய எங்க கொட்டுவீங்க?”

“கொட்டமாட்டோம் அக்கா. சாக்குல கட்டி, கழிவு எடுக்கிய கம்பெனிக்குக் குடுப்போம்.”

“அப்போ சரி.”

சார் கடைசியாக ஒருமுறை டியூப்களை மாற்றி, இந்தத் தண்ணீரையே பாய்லருக்கு விட்டார். நீராவியை ஆறவைத்து மறுபடி பாய்லருக்கே விட்டதால் புதுத் தண்ணீர் கொஞ்சம்தான் தேவைப்பட்டது, பொடிச் செலவு கட்டுபடியானது. அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் புது டியூப்களுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த அதிகாரி, “க்ளீன்” என்றார். தேங்காய் உடைக்கும் பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால் உடனே அதைத் தூக்கி எறியாதீர்கள். தண்ணீரில் வேறு என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.