அப்பா சேரில்தான் இருக்கிறார்

அடி அண்ணாமலையில் எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. வாசற்படி இறங்கினால் ரோடு. பௌர்ணமியன்று அந்த ரோட்டில் கால் வைக்க இடம் கிடைக்காது, வண்டி எதையும் விடமாட்டார்கள். அதனால் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. டவுனில் வாழ்க்கைப்பட்ட நான், பௌர்ணமிக்கு முந்தின நாளே காய்கறி, பால், மாத்திரை எல்லாம் வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன். கூட்டம் வடிந்த பிறகுதான் திரும்புவேன். அம்மா இருந்தவரை அம்மாவுக்காகப் போனேன், அம்மா போன பிறகு அப்பாவுக்காக. பார்ப்பவர்கள் இதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் நான் மலை சுற்றியதே குறைவு. பாதையோரம் வளர்ந்தவர்கள் பலபேர் அப்படித்தான்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். தனியாக இருக்கவேண்டாம், வந்துவிடுங்கள் என்று நானும் சென்னையில் இருக்கும் அண்ணனும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம். "உங்க வீட்டுக்கு வந்து ரிமோட்டுக்கு சண்டை போடணுமா நான்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். பிரஷர் ஏறி ஒருமுறை தலைசுற்றி உட்கார்ந்தார். அண்ணன் பதறிப்போய் வந்து, கூடத்து மூலையில், முழங்கால் உயர ஸ்டூலின் மேல் ஒரு கேமராவை வைத்துவிட்டுப் போனான். சிம் போட்டு ஓடுகிற சின்ன வெள்ளைக் கேமரா. மொட்டையடித்த குழந்தை மாதிரி அப்படியும் இப்படியும் தலையைத் திருப்பும். அவன் போனிலும் என் போனிலும் கூடம் தெரியும். பேசினால் அதன் வழியாகக் குரலும் கேட்கும்.

முதல் வாரம் அப்பா அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார். "நைனா, துண்ட எடுங்க" என்று கேமராவுக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்ததும் தூக்கிவாரிப்போட்டதாம். "நான் இன்னா திருடிட்டு வந்தவனா?" என்று பக்கத்துக் கடையிலிருந்து எனக்குப் போன் செய்து கத்தினார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு அவரே அதனோடு பேசத் தொடங்கினார். காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கேமராவுக்குக் காட்டுவார். "தம்பி, போட்டுட்டேன், பாத்துக்க." படுக்கப் போகும்போதும் சொல்லிக்கொண்டுதான் போவார். "உங்கண்ணன் பாத்துக்கினே இருக்கான்மா. அவனுக்குத் தெரியாம ஒரு தும்மல் போட முடியல" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். அந்தக் குறையில் பெருமைதான் ஜாஸ்தி. அண்ணன் பார்த்தது என்னவோ மதியம் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை. வேலைக்குப் போகிறவன் வேறெப்படிப் பார்ப்பான்? அப்பா நாள் முழுக்க மகன் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நம்பினார். அந்த நம்பிக்கையில் கை வைக்க எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை.

முன்பெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, அப்பாவைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருப்போம். வாரத்தில் ஒருநாள் அப்படிப் பேசுவதோடு சரி. மற்ற நாட்களில் அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, ஒன்றும் தெரியாது. தெரியாததால் ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பயம்தான் எங்களைப் பஸ் ஏற வைத்தது என்று இப்போது புரிகிறது. கேமரா வந்ததும் பயம் போயிற்று. "அதான் கேமரா இருக்கே" என்பது எங்கள் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. பௌர்ணமிக்கு முந்தின நாள் போவதும் மெல்ல நின்றது. முதல்முறை என் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, அடுத்த முறை வீட்டுக்கு விருந்தாளி, அதற்கப்புறம் காரணமே தேவைப்படவில்லை. "நீ எதுக்கும்மா இந்தக் கூட்டத்துல அல்லாடற? உங்கண்ணன்தான் பாக்கறானே" என்று அப்பாவே சொன்னார்.

அன்றும் பௌர்ணமி. மதியம் அண்ணன் கூப்பிட்டான். "பாத்தேன். சேர்ல உக்காந்து பேப்பர் படிக்கிறாரு." அதற்குப் பிறகு எந்தப் போனும் போகவில்லை. பௌர்ணமியன்று எங்கள் ஊரில் சிக்னல் படுத்துவிடும், அது புதிதில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் போனில் கேமராவைத் திறந்தேன். சுற்றிச் சுற்றி நெடுநேரம் கழித்துத் திறந்தது. அப்பா சேரில், கையில் பேப்பரோடு. நிம்மதியாக மாவு பிசையப் போனேன். விளக்கேற்றிவிட்டு மறுபடி பார்த்தேன். அதே சேர், அதே பேப்பர். "விளம்பரத்தக்கூட விடாம படிக்கிறாரு மனுஷன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே போனை அவரிடம் நீட்டியபோதுதான் கவனித்தேன். படத்தில் அப்பாவின் காலருகே ஜன்னல் வெயில் விழுந்து கிடந்தது. எங்கள் தெருவில் விளக்குப் போட்டாகிவிட்டது.

அவர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெட் நின்னா கடைசியா வந்த படம் அப்படியே நின்னுடும் போலிருக்கு" என்றார். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினோம். ஆட்டோ கிடையாது, பைக் போகாது, நடந்தே ஆகவேண்டும். கூட்டத்தோடு போனால் மலையை முக்கால்வாசி சுற்றியாக வேண்டும். குபேர லிங்கம் பக்கமாக எதிரில் நடந்தால் தூரம் கம்மி. ஆனால் கிரிவலப் பாதையில் யாரும் எதிர்த் திசையில் நடக்கமாட்டார்கள், நடக்கவும் விடமாட்டார்கள். "சுத்தித்தாம்மா போவணும், எதிர்ல போனா நெரிசல் ஆயிடும்" என்று போலீஸ்காரர் கையை நீட்டினார். வெறுங்காலோடு வந்த ஓர் அம்மா, "மலைய எடமா சுத்தறீங்களே, சாமி குத்தம் ஆயிடும்மா" என்று அங்கலாய்த்தார். எனக்கு வந்த கோபத்தில் யார் என்ன என்று பார்க்கவில்லை. "எங்கப்பா தனியா கிறாரு, வழிய விடுங்க" என்று கத்திக்கொண்டே நடந்தேன். எதிரில் வந்தவர்களில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்து மலையை, நிலாவை, தங்கள் முகத்தைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு போனையும் பிடுங்கித் தரையில் அடிக்கவேண்டும் போலிருந்தது.

வாசல் கதவு சாத்தியிருந்தது. பாத்ரூம் கேட்டு ஆட்கள் ஏறி வருவார்கள் என்று பௌர்ணமியில் அப்பா கதவைச் சாத்தி வைப்பது வழக்கம். பக்கத்து வீட்டார் எல்லோரும் தங்கள் கடை வியாபாரத்தில் மும்முரமாக இருந்தார்கள். பின்பக்கமாகப் போய்க் கூடத்து விளக்கைப் போட்டேன்.

தண்ணீர்ச் சொம்பு வாசல் கதவோரம் உருண்டு கிடந்தது. யாராவது தண்ணீர் கேட்டிருக்க வேண்டும், கொண்டுபோகும்போது விழுந்திருக்கிறார். ஒரு செருப்பும் அங்கேயே கிடந்தது. கையை நீட்டினால் கதவு. கதவைத் தட்டியிருந்தால் போதும், வெளியே படிமேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் பேச்சு உள்ளே கேட்டது. ஆனால் அப்பா அங்கே இல்லை. அவிழ்ந்த வேட்டி கூடத்தின் குறுக்கே நீளமாகக் கிடந்தது. அது முடிந்த இடத்தில், மூலையில், கேமராவுக்கு நேர்கீழே அவர் கிடந்தார். முகம் மேலே பார்த்திருந்தது. வலது கை ஸ்டூலின் காலைப் பிடித்திருந்தது. உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது.

கதவை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் ஊர்ந்து போயிருக்கிறார். மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று போயிருக்கிறார். அங்கே கிடந்து என்ன சொன்னாரோ, எத்தனை முறை சொன்னாரோ.

என் வீட்டுக்காரரும் நானும் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, வேட்டி கட்டிவிட்டோம். அதன் பிறகுதான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டோம். நெடுநேரம் முயன்று அண்ணனுக்கு லைன் கிடைத்தது. "நைனா போயிட்டாருண்ணா" என்றேன். "இன்னா உளர்ற? இப்பதான் பாத்தேன், சேர்ல உக்காந்துனு இருக்காரு" என்றான். நான் அழுவதைக் கேட்ட பிறகும், "இல்லம்மா, சேர்லதான் இருக்காரு, நல்லா பாரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

விடிவதற்குள் வந்துவிட்டான். எங்கே கிடந்தார் என்று கேட்டான். வாசல் கதவுகிட்ட, விழுந்ததும் உயிர் போயிருக்கு என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போதும் போன் பேசும்போது, வேறு ஏதோ பேச்சின் நடுவில் திடீரென்று கேட்பான். "நைனா கஷ்டப்படாமதான போனாரு?"

"ஆமாண்ணா" என்பேன்.