கோபத்தோடு உள்ளே போனவர்

அண்ணா எங்களை விட்டு ஆண்டவரிடம் சென்று ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுதும்படி அவருடைய துணைவியார், எங்கள் மச்சாள், என்னிடம் கேட்டார். "நல்லத மட்டும் எழுதாதீங்க. மனிசன் இருந்தபடி எழுதுங்க" என்றும் சொன்னார். அவருடைய ஒரே தங்கை என்ற உரிமையில் அப்படியே எழுதுகிறேன்.

அண்ணா கல்குடாவில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அவர் எட்டாம் வகுப்பில் படிக்கும்போது அப்பா காலமானார். நாட்டு நிலைமையும் மோசமாகவே, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள இந்த ஊருக்கு வந்து, மேசன் வேலை பழகினார். என்னைப் படிப்பித்து ஆசிரியையாக்கியது அந்தக் கைகள்தான். சீமெந்து தின்ற விரல்கள் குழம்பு பட்டால் எரியும் என்பதால் கரண்டியால் சாப்பிடுவார். காரணம் தெரியாமல் நான் சிரித்ததுண்டு.

என் படிப்பு முடியும்வரை காத்திருந்து, பிந்தித்தான் மணம் முடித்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள்.

கிறிஸ்து பிறந்த நத்தார்த் திருநாளுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. புதுச் சட்டையோடு கடற்கரைக்கு விளையாடப் போன ஒன்பது வயது மகன் திரும்பவில்லை. அண்ணா தேடிப் போன இடமெல்லாம் மற்றவர்களின் பிள்ளைகள் கிடந்தார்கள். சேமக்காலையில் மூன்று நாள் புதைகுழி வெட்டினார். ஒவ்வொரு முகத்தையும் துடைத்துப் பார்த்த பிறகே மண்ணுக்குக் கொடுத்தார். தன் மகன் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணா கோயிலுக்குள் போகவில்லை. ஞாயிறுதோறும் மச்சாளையும் மகளையும் சைக்கிளில் கூட்டி வருவார். பூசை முடியும்வரை முற்றத்துப் பூவரசின் கீழ் நிற்பார். ஒரு மாரியில் கோயில் கூரை ஒழுகியது. யாரும் கேட்காமலே ஏணியோடு வந்து ஓடு மாற்றத் தொடங்கினார். பங்குத் தந்தை வெளியே வந்து, "கூரையில ஏறுறீங்க, உள்ள மட்டும் வரமாட்டீங்களா?" என்று கேட்டார்.

"நான் அவரோட கதைக்கிறல்ல ஃபாதர்" என்றார் அண்ணா. "அதுக்காக அவர்ர வீட்டுக்க மழத்தண்ணி போக விடேலுமா?"

பங்குத் தந்தை கிட்ட வந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. ஊர் பேசுவது வெட்கமாக இருந்தது. ஒரு நாள் அண்ணா வீட்டு வாசலில் நின்று, "உங்களுக்கு மட்டுந்தானா அண்ணா புள்ள செத்தது?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "எனக்கும் சேத்து நீ செபி புள்ள. என்னால ஏலாமக் கிடக்கு" என்றார். அந்தக் கேள்விக்காக மன்னிப்புக் கேட்கப் பல தடவை நினைத்தும் நான் கேட்கவே இல்லை. இந்தப் பக்கத்தில் கேட்கிறேன்.

பதினொரு வருடங்கள் அப்படியே போயின. பிறகு வாவியில் வலை வீசிப் பிழைக்கும் ஓர் இளம் தகப்பனின் நான்கு வயது மகள் காய்ச்சலில் இறந்தாள். பெட்டி கோயிலுக்குள் இருந்தது. தகப்பன் வாசற்படியை விட்டு அசையவில்லை. பெரியவர்கள் அதட்டினார்கள், கையைப் பிடித்து இழுத்தார்கள். அண்ணா வந்து அவர் பக்கத்தில் படியில் அமர்ந்தார். நானும் அருகில்தான் நின்றேன்.

"என்ட மகன்ட முகத்தக் கடைசியாப் பாக்க எனக்குக் கிடைக்கல்ல மனே. உனக்குக் கிடைச்சிருக்கு. போய்ப் பாரு."

தகப்பன் பீடத்தின் பக்கம் கையைக் காட்டினார். "அந்தாளுக்கு முன்னால போய் நிக்க எனக்கு ஏலாது."

"எனக்குந்தான் ஏலாது. எழும்பு. ரெண்டு பேரும் கோவத்தோடயே உள்ள போவம்."

போனார்கள். அந்தச் சிறிய பெட்டியின் மேல் குனிந்து தகப்பன் கதறியபோது, அண்ணா அவர் முதுகில் கை வைத்தபடி நின்றார். பிறகு அண்ணாவும் அழுதார். மகனுக்காக அவர் அழுததை நான் அன்றுதான் கண்டேன்.

அடுத்த ஞாயிறு முதல் கோயிலின் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்தார். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். "தீரல்ல. இப்ப அவரிட்டயே நேர சொல்லுறன்" என்றார். சிலுவையில் தொங்கிய ஆண்டவரும் தம் தந்தையிடம் ஏன் என்றுதான் கேட்டார். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைப் பல தடவை சொல்லிக்கொடுத்த எனக்கு, என் சொந்த அண்ணாவைப் பார்த்து அது விளங்க இத்தனை காலம் எடுத்தது.

கடைசி இரண்டு வருடங்கள் சிறுநீரக நோய் அவரை உருக்கியது. இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனார். கூரைகள் ஏறியவருக்குக் கட்டிலை விட்டு இறங்கவே ஆள் தேவைப்பட்டது. கடைசிக் காலையில் மச்சாள் அவருடைய உதடுகளை நனைத்தபோது, "அவர் எனக்கு இன்னும் பதில் சொல்லல்ல. போய்க் கேக்கிறன். மகனையும் பாக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

அண்ணாவை ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குத் தாங்கிக் கூட்டிச் சென்ற அந்த இளம் தகப்பனுக்கும், புனித எண்ணெயால் நோயில் பூசுதல் தந்த பங்குத் தந்தைக்கும், அண்ணாவோடு வேலை செய்து, கடைசியில் அவருடைய பெட்டிக்குத் தோள் கொடுத்த காத்தான்குடி நண்பர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவருக்கும் நன்றி சொல்ல எங்களிடம் போதிய சொற்கள் இல்லை.

மச்சாளைப் பார்க்க வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். எல்லாம் கடவுளின் சித்தம் என்று இப்போதைக்கு அவரிடம் சொல்லாதீர்கள். சில ஞாயிறுகளில் ஏன் பூசைக்கு வரவில்லை என்றும் கேட்காதீர்கள். ஒரு தேத்தண்ணி குடித்து, அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள்.

தங்கை